மூன்று பங்கும் ஒரு ஏக்கரும்

பரமத்தி வேலூரிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட மடல் ஒன்று வரைந்திருக்கிறார். தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருப்பதால் பெயரின்றியே அவருக்கு மறுமொழி கூறுகிறேன். மடலின் முதல் வரியில் 'பங்குத் தகராறு' என்னும் சொற்களைக் கண்டதும், கோயிற் பங்கில் ஏதோ மனத்தாங்கல் போலும் என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். நல்ல வேளை! அவர் சொல்வது நிலத்துப் பங்கு.

இராஜவாய்க்கால் பாசனத்தில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் கொடிக்கால் உண்டு. தந்தையார் காலமான பின், அண்ணன் தம்பி மூவரும் அதைச் சமமாகப் பிரித்துக்கொள்ள மனமொத்து முடிவு செய்தனர். ஏக்கருக்கு நூறு சென்ட் அல்லவா? ஆளுக்கு 33.33 சென்ட் என்று வரைவுப் பத்திரம் எழுதப்பட்டது. இளையவர் அதை வாங்கிப் படித்து, மூன்று தொகைகளையும் கூட்டிப் பார்த்தார். 99.99 வந்தது. "மிச்சம் 0.01 சென்ட் யாருக்கு?" என்று கேட்டார். மூத்தவர் சிரித்துவிட்டார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சிரித்துத் தள்ளக்கூடிய அளவன்று. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு 4.356 சதுர அடி. அதாவது, பக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டடி ஓர் அங்குலமுள்ள ஒரு சதுரம். "ஒரு தென்னம்பிள்ளை வைக்கலாமே!" என்றாராம் இளையவர். வேடிக்கையாகத் தொடங்கிய பேச்சு, இரண்டு வாரங்களில் வேடிக்கையாக இல்லாமற் போயிற்று.

இந்த இடத்தில்தான் மடல் எழுதியவரின் மகள் குறுக்கிட்டாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். "சித்தப்பா, 33.33 என்று நிறுத்துவதால்தானே மிச்சம் வருகிறது? நிறுத்தாமல் 33.333… என்று மூன்றுகளை முடிவின்றி எழுதினால் மிச்சமே இராது. மூன்று பங்கையும் கூட்டினால் 99.999… வரும். அது சரியாக நூறுதான்" என்றாள். சித்தப்பா ஒப்பவில்லை. "எத்தனை ஒன்பது போட்டாலும் நூறு ஆகாது கண்ணு, நூலிழையாவது குறையும்" என்றார். இடையில் நிற்கும் தந்தை நம்மைக் கேட்கிறார்: யார் சொல்வது சரி? முடிவில்லாமல் ஓடுகிற ஒரு சுழல் தசமம், ஒரு முழு எண்ணுக்குச் சரியாக, ஏறக்குறைய அன்று, மிகச் சரியாகச் சமமாகுமா?

நூறு சென்டை ஒரு புறம் வைத்துவிட்டு, ஒரு கவுளி வெற்றிலையை எடுத்துக்கொள்வோம். வேலூர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான பொருள் வேறில்லை. கவுளிக்கு நூறு இலை. மூவருக்குப் பங்கிடுங்கள். ஆளுக்கு முப்பத்து மூன்று போக ஓர் இலை எஞ்சும். அந்த இலையைப் பத்துத் துண்டாக நறுக்குங்கள். ஆளுக்கு மூன்று போக ஒரு துண்டு எஞ்சும். அந்தத் துண்டையும் பத்தாக நறுக்கினால் மீண்டும் ஒன்று எஞ்சும். கத்தி எவ்வளவு கூர்மையாயினும் கதை மாறாது. ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சுவது ஒன்றே. 33.333… என்று நாம் எழுதும் வரிசை இந்த நறுக்கலின் பதிவேடு அன்றி வேறில்லை.

ஆகவே சித்தப்பா ஒன்றும் அறியாமல் பேசவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினாலும் மிச்சம் உண்டு என்பது அவர் கண்டது. அது முற்றிலும் உண்மை. நிலத்தில் அந்த மிச்சம் எப்படிச் சுருங்குகிறது என்பதையும் பாருங்கள். புள்ளிக்குப் பின் இரண்டு மூன்றுகளோடு நிறுத்தினால் 4.356 சதுர அடி மிஞ்சுகிறது. மூன்றோடு நிறுத்தினால் அதில் பத்தில் ஒரு பங்கு. எட்டு மூன்றுகள் எழுதி நிறுத்தினால், ஒரு ஏக்கர் கொடிக்காலில் எஞ்சுவது ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. ஒரு கடுகு அதைவிட அதிக இடத்தை மறைக்கும். ஆயினும் அது பூச்சியம் அன்று. நிறுத்துகிற கணக்கைப் பற்றிச் சித்தப்பா சொல்வது சரி. நிறுத்தாத கணக்கைப் பற்றியும் அதையே சொல்லலாமா என்பதுதான் வழக்கு.

அதற்குள் போகுமுன் இன்னொன்றைக் கேட்க வேண்டும். இந்த மிச்சம் நிலத்தில் இருக்கிறதா, அல்லது நாம் பத்துப் பத்தாக நறுக்குவதில் இருக்கிறதா?

நம் வீட்டுப் பெரியவர்களில் அணாக் கணக்கை நினைவில் வைத்திருப்போர் இதற்கு உடனே விடை சொல்லிவிடுவார்கள். 1957 ஏப்ரல் முதல் நாள் வரை நம் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆக ரூபாய்க்கு 192 தம்படி. ஒரு ரூபாயை மூவருக்குப் பங்கிட வேண்டுமானால் ஆளுக்கு 64 தம்படி, அதாவது ஐந்து அணா நான்கு தம்படி. மிச்சம் ஏதுமில்லை, புள்ளியுமில்லை, சுழலுமில்லை. அந்த ஏப்ரல் நாளில் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனதும், அதே ரூபாயை அதே மூவர் பங்கிட்டால் ஆளுக்கு முப்பத்து மூன்று பைசாவும், நடுவில் யாருக்கும் சேராத ஒரு பைசாவும் வந்தன. ரூபாய் மாறிற்றா? மூன்று பேர் நான்கு பேர் ஆனார்களா? நறுக்கும் முறைதான் மாறிற்று. இதன் மறுபக்கமும் உண்டு. ஐந்து பேருக்கு ஒரு ரூபாயைப் பங்கிடுவது பழைய கணக்கில் தீராத தொல்லை. ஆளுக்கு மூன்று அணா இரண்டு தம்படி போக இரண்டு தம்படி மிஞ்சும். புதிய கணக்கிலோ ஆளுக்கு இருபது பைசா, தீர்ந்தது.

அந்த மாற்றத்தின்போது கடைத்தெருக்களில் நடந்த ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லிவிடலாம். 'ஏறக்குறைய' என்பதற்கும் 'சரியாக' என்பதற்கும் உள்ள வேற்றுமை அதில் நன்கு விளங்கும். ஓர் அணாவுக்குச் சரியான மதிப்பு 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் இல்லையாதலால், அரசின் மாற்றுப் பட்டியலில் ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று வகுத்தார்கள். அப்பட்டியலின்படி பதினாறு அணாவையும் ஒவ்வொன்றாக மாற்றுகிறவர் கையில் 96 பைசாதான் சேரும். நாலு பைசா எங்கே போயிற்றென்று தெரியாது. ஆறு என்பது ஆறேகாலுக்கு ஏறக்குறையச் சமம். சரியாகச் சமம் அன்று. ஏறக்குறையச் சமமானவற்றைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாசகரின் தம்பி அஞ்சுவது இத்தகைய ஏமாற்றத்துக்கே. அந்த அச்சம் நியாயமானது. அதனாலேயே அவருக்குச் சொல்லும் விடையும் 'அவ்வளவு சிறியதை யார் பார்க்கப் போகிறார்கள்' என்ற வகையில் அமையக் கூடாது.

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிக் கணக்கிலும் இதே நிலைதான். அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று எண்சுவடியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கீழ்வாய் எண்களில், மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. முந்திரியை முந்நூற்றிருபதாகப் பகுத்தால் கீழ்முந்திரி. இவற்றை எப்படி அடுக்கினாலும் மூன்றில் ஒன்று கிட்டாது. இரண்டாலும் ஐந்தாலுமே வகுத்துச் செல்கிற ஏணியில் மூன்றுக்குப் படி இல்லை. இந்த வகையில் நம் முந்திரியும் இன்றைய தசமமும் உடன்பிறந்தவர்களே.

ஆக, 33.333… என்பது முடிவின்றி ஓடுவதற்குக் காரணம், மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில் ஏதோ தெளிவின்மை இருப்பது அன்று. தம்படியில் அதுவே முழு எண். பத்தின் மொழியில் அதைச் சொல்லப் புகும்போதுதான் சொல் முடிவதில்லை. சொல் முடியாததால் பொருளும் முடியவில்லை என்று எண்ணிவிடுகிறோம்.

இனி 0.999… என்பதற்கு வருவோம். இதையே நூறால் பெருக்கினால் வாசகரின் 99.999… ஆகிவிடும், எழுதச் சுருக்கமென்று இதையே எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளியில் சொல்லித் தரும் வழி ஒன்று உண்டு. மூன்றில் ஒன்று என்பது 0.333…, இரு புறமும் மூன்றால் பெருக்கினால் ஒரு புறம் 1, மறுபுறம் 0.999… . இதைக் கேட்டு ஒருவர் தலையாட்டலாம், ஆனால் சித்தப்பா போன்ற கூர்த்த மதியினர், "அப்படியானால் மூன்றில் ஒன்று என்பதும் 0.333… என்பதும் சரியாகச் சமம் என்பதையே நான் ஒப்பவில்லை" என்பார். அதற்கு இந்த வழியில் விடை இல்லை.

மற்றொரு வழி, 0.999… ஐப் பத்தால் பெருக்கி 9.999… ஆக்கி, அதிலிருந்து முந்தியதைக் கழிப்பது. எஞ்சுவது 9. ஒன்பது மடங்கு ஒன்பதானால் ஒரு மடங்கு ஒன்று. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே வித்தையை வேறிடத்தில் செய்து பாருங்கள். ஒன்பதுகளை வலப்புறம் அடுக்காமல் இடப்புறம் அடுக்குவோம்: 9, அதனோடு 90, அதனோடு 900 என்று முடிவின்றிக் கூட்டுவோம். இந்தக் கூட்டுத்தொகையைப் பத்தால் பெருக்கினால் முதலில் இருந்த 9 மட்டும் மறைந்து மற்றவை அப்படியே நிற்கும். ஆகவே பத்து மடங்கு என்பது ஒரு மடங்கில் ஒன்பது குறைவு. கணக்கை முடித்தால் கூட்டுத்தொகை கழித்தல் ஒன்று! வளர்ந்துகொண்டே போகிற ஒரு தொகை, பூச்சியத்துக்கும் கீழான எண் ஆகிவிடுகிறது. காவிரியில் வேலூரிலிருந்து மேலே போனால் வருகிற ஈரோட்டில் 1887 திசம்பர் 22 அன்று பிறந்த இராமானுஜன், 1913இல் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் மடலில், 1, 2, 3, 4 என்று முடிவின்றிக் கூட்டினால் தம் கொள்கைப்படி கழித்தல் பன்னிரண்டில் ஒன்று வருமென்று எழுதிவிட்டு, இதைக் கேட்டதும் தம்மைப் பித்தர் மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்வீர்கள் என்று தாமே நகைத்துக்கொண்டார். முடிவில்லாக் கூட்டலுக்கு 'கூட்டுத்தொகை' என்றால் என்ன பொருள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளாமல் பெருக்குவதும் கழிப்பதும் ஆபத்து என்பதே இதனால் நாம் அறிய வேண்டுவது. ஆசிரியர்கள் இந்தப் பெருக்கல் வழியை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு உடன்பாடன்று. பிள்ளை வாயடைத்துப் போகலாம். தெளிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

பின் எது நேரான வழி? அதைக் கண்டவர் நமக்கு அண்டை நாட்டவர். கேரளத்தில் திரூருக்கு அருகிலுள்ள திருக்கண்டியூரில் வாழ்ந்த நீலகண்ட சோமயாஜி என்பவர் 1444இல் பிறந்தார். ஆரியபட்டரின் நூலுக்கு வடமொழியில் விரிவுரை எழுதினார். வட்டத்தின் வில்லையும் நாணையும் பற்றி ஆராய்கிற இடத்தில் அவருக்கு ஒரு முடிவில்லாக் கூட்டல் குறுக்கிட்டது: கால், அதில் கால், அதிலும் கால் என்று கூட்டிக்கொண்டே போவது. நம் கீழ்வாய் எண்களில் சொன்னால் கால், வீசம், கால்வீசம் என்று இறங்குகிற வரிசை. இது மூன்றில் ஒன்று ஆகும் என்றார் நீலகண்டர். சொன்னதோடு நிற்காமல் தமக்குத் தாமே இரண்டு வினாக்களைத் தொடுத்துக்கொண்டார். இந்தக் கூட்டல் மூன்றில் ஒன்றைத் தாண்டிப் போய்விடாது என்பதற்கு என்ன உறுதி? அதற்கு முன்பே எங்கேனும் நின்றுவிடாமல் அதுவரை வளரும் என்பதற்கு என்ன உறுதி? சித்தப்பாவின் ஐயத்தை அவருக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார்; அதுவும் விடையைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

அவருடைய விடையைப் பழைய ரூபாயில் வைத்துச் சொன்னால் கண்முன் காணலாம். ஒரு ரூபாயை மூவருக்குப் பங்கிட வேண்டும். ஆனால் எப்போதும் நான்கு நான்காகத்தான் உடைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூபாயை நான்கு நாலணாவாக உடைத்து ஆளுக்கு ஒரு நாலணா கொடுக்கிறோம். ஒரு நாலணா மிச்சம். அதை நான்கு ஓரணாவாக உடைத்து ஆளுக்கு ஓரணா கொடுக்கிறோம், ஓரணா மிச்சம். அதை நான்கு காலணாவாக உடைத்து ஆளுக்கு ஒரு காலணா கொடுக்கிறோம். ஒரு காலணா மிச்சம். இதுவரை ஒவ்வொருவர் கையிலும் ஐந்து அணா மூன்று தம்படி சேர்ந்திருக்கிறது. நடுவில் கிடக்கும் காலணா என்பது மூன்று தம்படி. அதை இப்போது தம்படியாகவே உடைத்தால் ஆளுக்கு ஒரு தம்படி; பங்கு ஐந்து அணா நான்கு தம்படியாகிக் கணக்குத் தீர்ந்தது. ஆனால் நான்காக உடைப்பதென்ற விதியை விடாமல், அந்தக் காலணாவையும் நான்காக்கி, எஞ்சியதையும் நான்காக்கி முடிவின்றிப் போனாலோ, ஆளுக்குச் சேருவதுதான் நீலகண்டரின் வரிசை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எந்தச் சுற்றில் பார்த்தாலும், ஒருவருக்கு இன்னும் வரவேண்டிய பாக்கி, அவர் கடைசியாகப் பெற்ற துண்டில் சரியாக மூன்றில் ஒன்று. நாலணா பெற்றபோது பாக்கி ஓரணா நான்கு தம்படி; ஓரணா பெற்றபோது நான்கு தம்படி; காலணா பெற்றபோது ஒரு தம்படி. பாக்கி எப்போதும் இருக்கிறது. ஆதலால் கூட்டல் ஒருபோதும் மூன்றில் ஒன்றைத் தாண்டாது. முதல் வினாவுக்கு விடை இது. பாக்கி ஒவ்வொரு சுற்றிலும் நான்கில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆதலால், மூன்றில் ஒன்றுக்குக் கீழே எவ்வளவு நெருக்கமாக ஒரு கோடு கிழித்து 'இதற்குமேல் போகாது' என்று ஒருவர் சொன்னாலும், சில சுற்றுகளில் கூட்டல் அந்தக் கோட்டைக் கடந்துவிடும். இரண்டாம் வினாவுக்கு விடை இது. தாண்டவும் செய்யாது, கீழே எந்த எண்ணிலும் தங்கவும் செய்யாது. முழு வரிசைக்கும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டுமானால், மூன்றில் ஒன்றைத் தவிர வேறு எதைச் சொல்வது?

நான்குக்குப் பதில் பத்தை வையுங்கள். நீலகண்டரின் வாதம் அப்படியே நம் ஒன்பதுகளுக்குப் பொருந்தும். ஒன்று என்பதைப் பத்தாக்கி ஒன்பதை எடுத்துக்கொள்கிறோம். பாக்கி பத்தில் ஒன்று. அதைப் பத்தாக்கி ஒன்பதை எடுக்கிறோம். பாக்கி நூறில் ஒன்று. சித்தப்பா குறையும் என்று சொல்கிற அந்த நூலிழை எவ்வளவு என்று அவரே சொல்லட்டும். கோடியில் ஒரு பங்கு என்றால், எட்டாவது ஒன்பதிலேயே பாக்கி அதைவிடச் சிறுத்துவிட்டது. கோடி கோடியில் ஒரு பங்கு என்றால் பதினைந்தாவது ஒன்பதில். அவர் எந்த அளவைச் சொன்னாலும் அது அதிகமாகிவிடுகிறது. எந்த அளவைவிடவும் சிறியதாக, ஆனால் பூச்சியமும் அல்லாததாக ஓர் எண் நாம் கணக்கிடும் எண்களில் இல்லை. ஆகவே 0.999… என்பதற்கும் ஒன்றுக்கும் இடையே வைக்க எதுவுமில்லை. இடையே எதுவுமற்ற இரண்டு, இரண்டல்ல.

நீலகண்டரின் இதே கூட்டலை அவருக்கு ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட கிரேக்கரான ஆர்க்கிமிடீசும், பரவளையத்தின் பரப்பைக் காணும்போது கையாண்டிருக்கிறார். ஐரோப்பாவில் இதைத் தெளிவாகப் பேசியவர்களுள் ஒருவர் சேசு சபைத் துறவி. பெல்ஜிய நாட்டு புரூஜ் நகரில் பிறந்த கிரகோரி என்பவர். செயின்ட் வின்சென்ட் என்பது அவருடைய குடும்பப் பெயர். முடிவில்லா வரிசை அடையாவிட்டாலும், எந்த இடைவெளியைச் சொன்னாலும் அதைவிட நெருங்கிச் செல்கிற எல்லை ஒன்று உண்டென்று 1647இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர் விளக்கினார். அதே நூலில் வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டதாகவும் எழுதித் தவறினார் என்பது வேறு கதை. 1770இல் ஆய்லர் தம் இயற்கணித நூலில் 9.999… என்பது பத்தே என்று காட்டினார். 1821இல் பாரிசில் கோசி, முடிவில்லாக் கூட்டலின் தொகை என்றால் அந்த எல்லையே என்று பாடநூலில் வரையறுத்தார். நம் பங்குகளிலெல்லாம் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையின் பணிகளில் ஈடுபட்டவர் இந்தக் கோசி என்பதையும் அறிந்தவர்கள் சிலரே.

இப்போது சித்தப்பாவின் மனத்தில் எஞ்சியிருக்கக்கூடிய கடைசித் தடை என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். "ஒன்பதுகள் போய்க்கொண்டே இருக்கின்றன, இன்னும் ஒன்றை எட்டவில்லை" என்பதாகத்தான் இருக்க வேண்டும். போய்க்கொண்டிருப்பது யார்? நம் கைதான். ஒன்பது எழுதுகிறோம், மேலும் ஒன்பது எழுதுகிறோம், களைத்து நிறுத்துகிறோம். எண் எங்கும் நடக்கவில்லை. எண்கோட்டில் அது தன் இடத்தில் இருந்தபடி இருக்கிறது. 0.9, 0.99, 0.999 என்று தனித்தனியே நிற்பவை எல்லாம் ஒன்றுக்குக் குறைந்த எண்களே. அவற்றில் ஒன்றேனும் ஒன்றுக்குச் சமம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று புள்ளிகளோடு எழுதப்படும் 0.999… அந்த வரிசையில் கடைசியாக வருகிற ஆள் அன்று. வரிசைக்குக் கடைசி ஆளே கிடையாது. அவ்வரிசை முழுவதும் சேர்ந்து சுட்டுகிற ஒரே இடத்தின் பெயர் அது. அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: ஒன்று.

ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பதில் நமக்கு என்ன புதுமை? நம் பாட்டிமார் இராயப்பர் என்றார்கள். 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் பேதுரு என்று படிக்கிறோம். சின்னப்பர் என்பதும் பவுல் என்பதும் அவ்வாறே. இராயப்பர் பேதுருவைவிட நூலிழை குறைவு என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. அரை என்பதை 0.5 என்றும் எழுதலாம், 0.4999… என்றும் எழுதலாம். தசமத்தில் முடிந்து நிற்கிற எண்களில் பூச்சியத்தைத் தவிர ஒவ்வொன்றுக்கும் இப்படி இரண்டாம் பெயர் உண்டு. முடியாமல் ஓடுகிற மூன்றில் ஒன்றுக்கு மட்டும் பாவம், ஒரே பெயர்தான்.

ஆகவே ஒன்பதாம் வகுப்பு மாணவி சொன்னதே சரி. 99.999… மிகச் சரியாக நூறே. அதே சமயம், பத்திரத்தைப் பொறுத்தவரை அவளுடைய சித்தப்பாவும் தோற்கவில்லை. ஏனெனில் பத்திரத்தில் மூன்று புள்ளி வைத்து யாரும் பதிவு செய்வதில்லை. நிறுத்தித்தான் எழுத வேண்டும். நிறுத்தினால் மிச்சம் உண்டு. 33.33 என்று மூன்று முறை எழுதிக் கூட்டி, அது நூறு என்று சொல்வது, ஓர் அணாவுக்கு ஆறு பைசா கொடுத்த கதையாகும்.

வாசகருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. பத்திர எழுத்தரிடம், ஒவ்வொருவர் உரிமையையும் 'மூன்றில் ஒரு பாகம்' என்று எழுத்தால் எழுதி, நான்கெல்லையையும் குறிப்பிடச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொற்களில் மிச்சம் இல்லை. சென்ட் அளவும் வேண்டுமென்று அவர் கூறினால், 33.33, 33.33, 33.34 என்று போடச் சொல்லுங்கள். கூட்டினால் நூறு வரும். அந்த 33.34 யாருக்கு என்று நீங்கள் மூவரும் அமர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். மடலின் அடியில் உங்கள் மகள் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: தென்னம்பிள்ளையை மூன்று பங்கும் சந்திக்கிற இடத்தில் வைக்கலாமா என்று. கொடிக்காலை நீளவாக்கில் மூன்று பட்டையாகப் பிரித்திருந்தால் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கா, அம்மா. வரைபடத்தை அனுப்பு; பார்த்துச் சொல்கிறேன்.